ரிமோட் இரவல் கேட்பவர்

வலது கைக் கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. ரிமோட்டின் மூக்குக்கு நேரே, மேஜை விளிம்பில், கடலைப் பருப்பளவில் மூன்று கால் முளைத்த கறுப்புப் பொருள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் போகிறது. திரையில் எண்கள் வரிசையாக ஓடி நிற்கின்றன. உடனே இடது கை பென்சிலை எடுத்து, கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குகிறது, இரண்டைக் காலியாக விடுகிறது, அடுத்ததைக் கறுப்பாக்குகிறது. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் பூவையும் மாங்காயையும் அன்னத்தையும் கட்டங்களாக்குகிற அதே தாள்தான். ஆனால் இந்தத் தாளில் பூ இல்லை, மாங்காய் இல்லை. இருப்பது பக்கத்து வீட்டு டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கும் பொத்தான்.

பக்கத்து வீட்டில் டி.வி. அலறிக்கொண்டிருக்கிறது. குறைக்க முடியாது. ரிமோட் இங்கே இருக்கிறது.

இந்தக் கைகளுக்கு உரியவரை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் இல்லாவிட்டால் உங்கள் ஊரில், உங்கள் தெருவில் இல்லாவிட்டால் உங்கள் அலுவலகத்தில், கட்டாயம் ஒருவர் இருப்பார். யாரும் கேட்காமலே பொதுப்பொருள் ஒன்றைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்து முடிக்கும்வரை யாருக்கும் தரமாட்டேன் என்று உட்கார்ந்து, முடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் மனமில்லாமல், நடுநடுவே "இதோட விட்டுடப் போறேன்" என்று வீட்டாரிடம் சொல்லி, வீட்டாரும் "சரி, விடுங்க" என்று சொல்லி, அதற்குப் பிறகும் விடாமல் இருக்கிற ஓர் இனம். கூலி கிடையாது. விடுமுறை கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இவருக்கு என்ன பெயர் வைக்கலாம்? பராமரிப்பாளர் என்று வைப்போம். மரியாதையாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

ஆரணி கொசப்பாளையத்தில் இருந்த பராமரிப்பாளரின் பெயர் ஜெயவேல். அப்பா தறிக்கு அட்டை அடித்தவர். தறியின் தலைமேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஏறுகிற அட்டைகளில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இழை தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. மொத்த சூட்சுமமும் அவ்வளவுதான். ஜெயவேல் அதையே கம்ப்யூட்டரில் செய்யக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் கிடையாது. காந்தி ரோட்டுப் பயிற்சி நிலையத்தில் கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியை அவரே கெடுத்துக் கெடுத்துப் படித்தார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தபோது, தெருவில் பாதித் தறிகளுக்கு டிசைன் அவருடைய முன்னறையிலிருந்துதான் போனது. அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

அப்புறம் டெலிபோன் ஒயரில் இன்டர்நெட் வந்தது.

வெளிநாட்டு மாணவர் யாரோ ஒருவர், கம்ப்யூட்டரை ரிமோட்டால் இயக்குவதற்கான புரோகிராம் தொகுப்பு ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்தார். இப்படிப்பட்ட தொகுப்பை லைப்ரரி என்பார்கள். பாட்டு போடுகிற புரோகிராம் எழுதுபவரும் படம் காட்டுகிற புரோகிராம் எழுதுபவரும் ரிமோட் சங்கதியைத் தாங்களே எழுதாமல் இதிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். மாணவருக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, "இனி யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். உலகத்தில் எத்தனையோ பேர் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். நம்மாள் மட்டும் அந்த வரியில் நின்றுவிட்டார்.

ஏன் நின்றார் என்று கேட்டால், ரிமோட்டும் அட்டையும் ஒன்றுதான் என்பார். பொத்தானை அழுத்தினால் ரிமோட்டின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும்; அந்த மினுக்கலைப் பார்க்கிற கண்தான் மேஜை விளிம்பின் மூன்று கால் கறுப்புப் பொருள். எரிந்தால் ஓட்டை. அணைந்தால் அட்டை. எத்தனை நேரம் எரிந்து எத்தனை நேரம் அணைகிறது என்று எழுதி வைத்துக்கொண்டால் எந்தப் பொத்தான் என்று தெரிந்துவிடும். இதில் என்ன இருக்கிறது?

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க ரிமோட்டு?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "எட்டிப் புடிக்கற தூரத்துலதான குந்திகினு இருக்குறீங்க?"

இந்தக் கேள்வியைப் பராமரிப்பாளரிடம் கேட்கக் கூடாது. கேட்டவர் வெயிலின் கதிர்களில் தொடங்கி, விளக்கு மினுக்குவதற்கு வந்து, நடுவில் டீ ஆறி, கிளாஸைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய், கடைசியில் தன் வீட்டு ரிமோட்டை இரவல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டுதான் எழுந்து போக முடிந்தது.

இரவல் என்றேன் அல்லவா? அதுதான் இந்த இனத்தை அடையாளம் காணும் குறி. உலகத்தில் எத்தனை வகை ரிமோட் உண்டோ அத்தனையின் மினுக்கலும் லைப்ரரியில் இருக்க வேண்டும் என்பது ஜெயவேலின் ஆசை. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் டி.வி. தலைக்கு மேல் போகும். நிச்சயதார்த்தத்தில் பெண்ணைப் பார்த்துவிட்டு எல்லோரும் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர், "இதுக்குப் பின்னாடி ஒரு மூடி இருக்குமே, அத கழட்டலாங்களா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டிருப்பார். எழவு வீட்டில் கை கட்டி உட்கார்ந்திருப்பார். அழுகை ஓயும். காபி வரும். கொஞ்சம் இடைவெளி விட்டு, தாழ்ந்த குரலில், "இந்த டி.வி. எந்த வருசம் வாங்கினதுங்க?" என்பார். துக்கத்தில் இருப்பவர்கள் எதையும் மறுக்க மாட்டார்கள். ரிமோட் கைக்கு வந்துவிடும்.

திருப்பிக் கொடுப்பதில்தான் தாமதம். கிரிக்கெட் நடக்கிற நாளில் வாசலில் ஆள் வந்து நிற்கும்.

"ஜெயவேலு, என் ரிமோட்ட குடுத்துடுபா. ஓவருக்கு ஓவரு எழுந்து போய்கினு இருக்கறேன். முட்டி பேஜாராயிடுச்சு."

"ஒரே ஒரு பட்டன் பாக்கி இருக்குதுண்ணா. மெனு பட்டன்."

"அந்தப் பட்டன வாங்கின நாள்லேர்ந்து நானே அமுக்கினது கெடையாதுபா."

"அதான்ணா, தேயாம இருக்குது. நல்லா படிக்குது."

வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களோ வேறு வகை. லைப்ரரி ஒழுங்காக ஓடும்போது ஒருவரும் எழுதுவதில்லை. ஓடுகிற மின்விசிறிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? நின்றால்தான் எழுதுவார்கள். பிரேசிலிலிருந்து ஒருவர் தன் ரிமோட்டில் நான்காம் எண் மட்டும் இரண்டு தடவை விழுகிறது என்று எழுதுவார். கொரியாவிலிருந்து ஒருவர், நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு லைப்ரரிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுவார். வேறு லைப்ரரி கிடையாது. இருந்தாலும் ஜெயவேல் பதறுவார். எல்லோருக்கும் முதல் பதில் ஒன்றே: "தயவுசெய்து பேட்டரியை மாற்றிப் பாருங்கள்." அடுத்த பதில் நான்கு பத்தி இருக்கும், மரியாதை சொட்டும், கடைசியில் எழுதியவரின் வீட்டார் நலம் விசாரிப்பும் இருக்கும். மச்சினர் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அனுப்பியதற்கு ஒரு வரி பதில் போடாத மனிதர் இவர்.

"போலந்துக்காரன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சான்னு கேக்குறீங்க," என்றாள் மனைவி ஸ்வர்ணலதா ஒருநாள், தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு. "எங்க அண்ணன் வீட்டுக்குப் போயி பால் காய்ச்சினாங்களான்னு கேக்கலியே."

"உங்கண்ணன் பதில் போடற ஆளில்ல."

"நீங்க?"

இதற்கு அவர் பேட்டரியை மாற்றிப் பார்க்கச் சொல்ல முடியவில்லை.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புச் சங்கதியாகவே முடிந்திருக்கும். லைப்ரரியை நம்பி ஊருக்குள்ளேயே ஒருத்தி தறியில் இறங்கியதுதான் வினை.

பின்தெரு சுகன்யா, கடைக்காரர் தருகிற டிசைனைக் கடைக்காரர் தருகிற பாவு நூலில் நெய்துகொண்டிருந்தவள். அவளுக்கு ஒரு நாள் வாய்ப்பு வந்தது. வெம்பாக்கத்திலிருந்து கல்யாண வீட்டார் சிலர், கடை வழியாக இல்லாமல் நேராக அவளிடம் வந்து, அவளே வரைந்த டிசைனில் முகூர்த்தப் புடவை கேட்டார்கள். உடம்பெல்லாம் பூ. ஒரு பூவைப் போல் இன்னொரு பூ இருக்காது. ஒரே ஒரு புடவைக்காக இத்தனை அட்டை அடித்துக் கட்டுப்படியாகாது. கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, எந்த இடத்தில் எந்த நிற நூல் என்று கையாலேயே கோத்துப் போக வேண்டும். ஜெயவேல் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைத் தறிக்கு எதிரே வைத்துக்கொடுத்தார். தறிக் குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருப்பவள் வரிக்கு வரி எழுந்துபோய் விசையைத் தட்ட முடியுமா? எப்போதோ விற்றுப்போட்ட வி.சி.ஆரின் ரிமோட் ஒன்று அந்த வீட்டில் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வரி நெய்தாள், ஒரு தடவை அழுத்தினாள், அடுத்த வரி வந்தது. கம்ப்யூட்டருக்கு எதுக்கு ரிமோட் என்ற டீக்கடைக் கேள்விக்கு, உலகத்திலேயே ஒழுங்கான பதில் அந்தக் குழிக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

இந்தப் புடவை நன்றாக வந்தால் இனி அவள் தன் டிசைனை நெய்யலாம். வராவிட்டால் மறுபடி கடைக்காரர் டிசைன்தான். அவளும் அதைச் சொல்லிவிட்டாள், ஜெயவேலும் கேட்டுக்கொண்டார்.

புடவை பாதி ஏறியிருந்தபோது பின்லாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒருவருடைய வயதான அப்பாவின் ரிமோட்டை லைப்ரரி பாதி நேரம் கண்டுகொள்வதில்லையாம். எந்த ரிமோட்டும் சொன்ன கணக்குக்கு அச்சாக மினுக்காது. பேட்டரி இறங்கினால் இழுக்கும், பழசானால் தடுமாறும். எவ்வளவு தடுமாற்றத்தை மன்னித்து ஏற்றுக்கொள்வது என்று லைப்ரரியில் எல்லா ரிமோட்டுக்கும் சேர்த்து ஒரே அளவு இருந்தது. ஜெயவேல் மனம் இளகி, அந்த மன்னிப்பைக் கொஞ்சம் தாராளமாக்கினார். பின்லாந்து அப்பாவின் ரிமோட் வேலை செய்தது. "நன்றி" என்று ஒரே ஒரு சொல்லில் பதில் வந்தது. அதை ஸ்வர்ணலதாவுக்குப் படித்துக் காட்டினார். அர்த்தமும் சொன்னார்.

அந்த உற்சாகத்தில், புது வெர்ஷனை ஃபிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு சுகன்யா வீட்டுக்கு நடந்தார்.

"பழசு நல்லாத்தானணா ஓடிகினு இருக்குது," என்றாள் சுகன்யா.

"புதுசு இன்னும் நல்லா ஓடும்மா."

இந்த வாக்கியத்தை நீங்கள் எங்கேயாவது சொல்லியிருக்கிறீர்களா? அவசரமில்லை. யோசித்துக்கொண்டே படியுங்கள்.

அன்று மாலையே வரி தானாகத் தாவியது. சுகன்யா ஒரு வரி நெய்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் அதற்கடுத்த வரி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது வரி நின்றது. கவனிக்காமல் நெய்துவிட்டதை, தெரிந்தபோது பிரித்தாள். பட்டைத் திரும்பத் திரும்பப் பிரித்தால் நூல் பிசிறு விடும், பளபளப்புப் போகும். ஆளனுப்பினாள்.

மறுநாள் காலையில் ஜெயவேல் வந்தார். முதலில் என்ன சொன்னார் என்று சொல்லவேண்டுமா? பேட்டரி மாற்றினார்கள். டியூப்லைட்டை அணைத்தார்கள். ஜன்னல் வெயில் விழாமல் போர்வை தொங்கவிட்டார்கள். மூன்று கால் கறுப்புப் பொருளைக் கழற்றி வேறு வைத்தார்கள். ஜெயவேல் மதியம்வரை ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். ஒரு வரிகூடத் தாவவில்லை.

"என் எதிர்ல ஒழுங்காத்தான இருக்குது?"

"உங்களப் பாத்தா பயப்படுதோ என்னமோணா."

இதுவே நடந்துகொண்டிருந்தது. காலையில் அவர் வருவார், ஒழுங்காக ஓடும். சாயங்காலம் அவர் போய்விடுவார், தாவும். வீட்டில் உட்கார்ந்து லைப்ரரியை எழுத்து எழுத்தாகப் படித்தார். மினுக்கல்களை மைக்ரோ நொடிக் கணக்கில் கட்டத்தாளில் ஏற்றி, தாள்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்தார். ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு, சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தோன்றவில்லை. இந்த இனத்தின் கண்ணமைப்பே அப்படி.

ஒருநாள் ரிமோட்டைத் திருப்பிக் கேட்டு வாசலில் ஆள் நின்றதால், பின்பக்கமாகத் தப்பித்து, போக வேறு இடமில்லாமல் சாயங்கால வேளையில் சுகன்யா வீட்டுக்கு வந்துசேர்ந்தார். தறி இருக்கிற கூடத்திலேயே டி.வி.யும் இருந்தது. அதற்கு நேரே பாயில், முறத்தில் கீரையோடு உட்கார்ந்திருந்தார் சுகன்யாவின் மாமியார் அபிதகுசாம்பாள். நான்கு மணியிலிருந்து அவருடைய தொடர்கள் ஆரம்பம். தொடரில் ஒரு மருமகள் அழத் தொடங்கும் நேரத்தில் விளம்பரம் வந்தது. அபிதகுசாம்பாள் டி.வி. ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்குப் போனார்.

எதிர்ப்பக்கம், தறியின் திரையில், ஒரு வரி நகர்ந்தது.

ஜெயவேல் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அத்தை, இன்னொரு தபா மாத்துங்க."

மாற்றினார். நகர்ந்தது.

"இன்னொரு தபா."

"நான் இன்னாபா பண்ணேன்? வெளம்பரம் வந்துச்சு, மாத்தினேன்."

"நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை. இன்னொரே ஒரு தபா."

"அண்ணா, போதும்ணா," என்றாள் சுகன்யா குழிக்குள்ளிருந்து. "வுட்டா புடவை முந்தானைக்கே போயிடும்."

டி.வி. ரிமோட்டும் பழைய வி.சி.ஆர். ரிமோட்டும் பங்காளி ரிமோட்டுகள். மினுக்கலில் மயிரிழைதான் வித்தியாசம். பழைய வெர்ஷன் அந்த வித்தியாசத்தைப் பார்த்தது. பின்லாந்து அப்பாவுக்காக மன்னிக்கக் கற்றுக்கொண்ட புது வெர்ஷன், அபிதகுசாம்பாளையும் மன்னித்து உள்ளே விட்டுவிட்டது. கடல் தாண்டி ஒருவருக்குச் செய்த உபகாரம் பின்தெருவில் பூவைக் கெடுத்தது.

"அப்ப பழசையே போட்டுடுங்கணா," என்றாள் சுகன்யா.

ஜெயவேலின் முகம் மாறியது. அவளை ஏதோ தப்புக் காரியத்துக்குக் கூப்பிட்டவளைப் போல் பார்த்தார். "ஊருக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்கு ஒண்ணுன்னு வெக்கக் கூடாதும்மா. தப்பு எங்க இருக்குதோ அங்கயே சரிபண்ணணும்."

"புதுசா இன்னொரு ரிமோட்டு?"

"அதுவும் ஒட்டுப்போடற வேலதான்."

"அதுவரைக்கும் அத்தைய சீரியல் பாக்க வேணாம்னு சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாரு," என்றார் அபிதகுசாம்பாள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆகவே சுகன்யா காலையில் மட்டும் நெய்தாள். பாதி நாள் தறி சும்மா நின்றது. வெம்பாக்கத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். முந்தானை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.

ஜெயவேல் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். உண்மையில் சரியான வழியைக் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் ஒரே மன்னிப்பு என்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ரிமோட்டுக்கும் அதற்கேற்ற மன்னிப்பு என்று மாற்றினார். தடுமாறுகிற கிழ ரிமோட்டுக்குத் தாராளம், கறாரான ரிமோட்டுக்குக் கறார். அழகான வேலை. அட்டை அடிப்பவரின் மகன் என்று சொல்லும்படி ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்திருப்பார். நம்மாள் சோதிக்க உட்கார்ந்தார். தெருவின் ரிமோட்டுகள் மறுபடி புறப்பட்டு அவர் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றும் தேறியது. ஒன்று தேறவில்லை.

புதன்கிழமை சுகன்யா நேரே வந்து முன்னறையில் நின்றாள். தலைமுடியில் பட்டுப் பிசிறு ஒட்டியிருந்தது.

"குடுங்கணா."

"இன்னும் கொஞ்சம் இருக்குதும்மா. ஒரு ரிமோட்டு மட்டும் படிக்கல."

"யார் வீட்டு ரிமோட்டு?"

"மாடி வீட்டு டேப்ரெக்கார்டர் ரிமோட்டு."

"அந்த டேப்ரெக்கார்டர்ல வேணா வேற கோளாறு இருக்குமாணா?"

காபியோடு வந்த ஸ்வர்ணலதாதான் சொன்னாள். "அது செத்து ரெண்டு தீபாவளி ஆச்சு. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டாங்க. ரிமோட்டு மட்டுந்தான் மீதி."

"அதுக்கோசரமா என் தறி நிக்குது?"

"ஒருவேள உலகத்துல வேற எங்கயாவது ஒருத்தர்கிட்ட அந்த டேப்ரெக்கார்டர் இருந்துச்சுன்னா..." என்று ஜெயவேல் ஆரம்பித்தார்.

சுகன்யா கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் வாங்காம எழுந்திருக்கப் போறதில்லணா," என்றாள். "வெள்ளிக்கிழம அவங்க வந்தா நேரா இங்கயே கூட்டியாந்துடறேன். படிக்காத ரிமோட்ட அவங்களுக்குக் காட்டிகினு இருங்க."

ஸ்வர்ணலதா காபியை அவளிடம் கொடுத்துவிட்டு, கணவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உங்க கையில இருக்கற வரைக்கும் அதுல குத்தம் கண்டுபுடிக்கறவரு நீங்க ஒருத்தர்தான். வெளிய போயிடுச்சுன்னா வேற யாராச்சும் கண்டுபுடிப்பாங்க. அதுக்குத்தான வெச்சிகினு இருக்குறீங்க?"

பராமரிப்பாளர் இனத்தின் நெஞ்சுக்கு இதைவிட நேராக ரிமோட் பிடித்தவர் யாருமில்லை. ஜெயவேல் மாடி வீட்டு ரிமோட்டைப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒரு ஃபிளாப்பியை எடுத்துப் பெட்டிக்குள் தள்ளினார். அது கரகரவென்று எழுதி முடிக்கும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து, மேலே ஒட்டிய தாளில், படிக்காத ரிமோட் ஒன்று உண்டு என்று பொடி எழுத்தில் எழுதினார். அதன் கீழே காரணம் எழுதத் தொடங்கினார். இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பினார்.

"வுடுங்கணா," என்று சுகன்யா அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் அபிதகுசாம்பாள் விளம்பரத்துக்கு விளம்பரம் சேனல் மாற்றினார். தறியின் திரை அசையவில்லை. தொடரில் மருமகள் அழுது முடித்து, அடுத்த தொடரின் மருமகள் அழ ஆரம்பித்து, செய்தியும் வந்தது. சுகன்யா முந்தானையில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வெம்பாக்கத்திலிருந்து மணப்பெண்ணும் அவள் அம்மாவும் அத்தைகளும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஜெயவேலும் ஸ்வர்ணலதாவும் போயிருந்தார்கள். ஸ்வர்ணலதா புடவையைப் பார்க்கப் போனாள். ஜெயவேல் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டார்.

பாயில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் சுகன்யா புடவையைப் பிரித்துப் போட்டாள். அரக்குச் சிவப்பில் பூக்கள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. பெண் குனிந்து ஒரு பூவைத் தொட்டாள். பிறகு அடுத்ததை. அத்தைகளில் ஒருத்தி மட்டும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடையில் பழகிய கையோடு துணியைத் தடவிக்கொண்டே போனாள். குறை ஒன்று கிடைத்தால் பேசலாம் என்ற முகம்.

மற்றவர்கள் பூவைப் பார்த்தார்கள். ஜெயவேல் வரிகளைப் பார்த்தார். கண் பழகிவிட்டது, என்ன செய்வது? மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஒரு பூவின் இதழில் ஒரு வரி இல்லை. முதல் நாள் சாயங்காலம், என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் இருந்தபோது, தாவிப்போன வரி. சுகன்யா கவனிக்கும் முன்பே சாண் அளவு மேலே நெய்துவிட்டிருக்கிறாள். அவ்வளவையும் பிரித்தால் நூல் தாங்காது. விட்டுவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது சுகன்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரியும்.

மூக்குக் கண்ணாடி அத்தையின் கை அந்தப் பூவுக்கு நான்கு விரல் தூரத்தில் இருந்தது.

தப்பைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியாத வாய் ஜெயவேலுடையது. போலந்துக்குச் சொன்ன வாய், பிரேசிலுக்குச் சொன்ன வாய், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று பந்தியில் வைத்துச் சொன்ன வாய். அது திறந்தது.

"அம்மா," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தையின் கையும் நின்றது. ஸ்வர்ணலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க தம்பி," என்றார் பெண்ணின் அம்மா.

ஜெயவேல் எச்சிலை விழுங்கினார். விழுங்கியது எச்சில் மட்டுமல்ல.

"தண்ணில நனைக்கக் கூடாதும்மா," என்றார். "டிரை வாஷ்தான் குடுக்கணும்."

"தெரியும் தம்பி, பட்டுப்புடவைதான?" என்றார் அந்த அம்மா, இந்த ஊரில் இதைச் சொல்லவும் ஓர் ஆளா என்பதைப் போலப் பார்த்துவிட்டு. பிறகு சுகன்யாவிடம், "இவ தங்கச்சிக்கும் நீயே போட்டுக் குடும்மா," என்றார். பெண் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அத்தையின் விரலுக்கடியிலிருந்து துணி நழுவிப் போய்விட்டது.

எந்தப் பூ, எத்தனையாவது வரி என்று கேட்கிறீர்களா? கேட்காதவர்கள் நல்லபடியாக இருக்கட்டும். கேட்டவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில், முடித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்று மூடி வைத்திருப்பது என்ன? கேட்டவருக்குக் கொடுக்காமல், இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருப்பது எதை? யாரிடமும் சொல்ல வேண்டாம். நானும் எந்தப் பூ என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை.

சுகன்யா புடவையை வாங்கி மடித்து, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். பெண் வாங்கிக்கொண்டாள்.